வாழைக்குருத்துக் கலர் கேட்டு போன கதை: ஒரு நாகர்கோவில் பெயிண்ட் கடை ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், கடைப்பேரு போடப்போறதில்ல. நல்லதும் சொல்லணும், வயித்தெரிச்சலும் சொல்லணும், பேரைப் போட்டா அந்த கவுண்டர்ல நிக்கிற பிள்ளைக்குதான் ஏச்சு விழும், அவ பாவம், கடையில உருப்படியா பதில் சொன்னதே அவ ஒருத்திதான். நாகர்கோவில் டவுனுக்குள்ள மெஷின் வச்சு கலர் கலந்து தர்ற ஒரு பெயிண்ட் கடை, அவ்வளவு போதும்.

எங்க வீடு மணவாளக்குறிச்சிக்கும் மண்டைக்காட்டுக்கும் எடையில. கடல் நடந்துபோற தூரம். ஆனி ஆடியில ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில ஒரு மழை, நம்ம ஜில்லாவுக்கு ரெண்டு பருவமும் உண்டுல்லா, போதாததுக்கு வருஷம் பூரா உப்புக்காத்து, எல்லாம் சேந்து தென்பக்கத்து செவுரு பப்படம் மாதிரி பொரிஞ்சு பொரிஞ்சு விழுந்துட்டு இருந்தது. கோயில் மாசிக் கொடைத் திருவிழாவுக்கு சொந்தக்காரங்க எல்லாம் வருவாவ, அதுக்குள்ள அடிச்சு முடிச்சிரணும்னு அம்மை ஒரே பிடியா நின்னுட்டா.

சரி முன்னறைக்கு என்ன கலரும்மான்னு கேட்டேன். "வாழைக்குருத்துக் கலரு"ன்னா. பச்சையான்னு கேட்டா, "எலை விரிஞ்ச பொறவு உள்ள பச்சை இல்லல, குழல் மாதிரி சுருட்டிக்கிட்டு நிக்கும்லா, வெயில் பட்டா உள்ள மஞ்சள் தெரியும்லா, அந்தக் கலரு". நான் பெரிய புத்திசாலி மாதிரி அதை 'லைட் கிரீன் ஷேடு'ன்னு மனசுக்குள்ள மாத்தி எழுதிட்டு பஸ் ஏறிட்டேன். பிரச்சனை தொடங்குனது அங்கதான், கடையில இல்ல.

கவுண்டர்ல போய் "லைட் கிரீன்ல ஒரு நல்ல ஷேடு குடுங்க"ன்னேன். அந்த பிள்ளை விசிறி மாதிரி விரியுற அந்த தடி ஷேடு கார்டை எடுத்து என் முன்னாடி போட்டுச்சு. பச்சை மட்டுமே ஒருபாடு பக்கம். "லைட்டுன்னா எப்டி லைட்டு அண்ணே, வெள்ளை விட்டதா சாம்பல் விட்டதா"ன்னு கேட்டுச்சு. நான் முழிச்சேன். அப்பதான் சொன்னா, கம்பெனிக்காரங்க ட்ரெயினிங்ல சொல்லிக்குடுத்தாங்களாம், சுத்தமான பச்சை, சுத்தமான நீலம்னு மூலக் கலரைச் சொல்லுறது ஹ்யூ, அதுல வெள்ளையை விட்டா டின்ட், கருப்பை விட்டா ஷேடு, சாம்பலை விட்டா டோன். "அப்போ நீங்க கேட்ட லைட் கிரீன் ஷேடுன்னு ஒண்ணு கெடையாது அண்ணே, லைட்டா இருந்தா அது டின்டு"ன்னு சிரிச்சா. அப்போ இந்த கார்டுக்கு ஏன் ஷேடு கார்டுன்னு பேருன்னு கேட்டேன். அதுக்கு அவளுக்கும் பதில் தெரியல, "எல்லாரும் அப்டித்தான் சொல்லுறாங்க"ன்னுட்டா. அதுவும் சரிதானே.

இந்த விஷயத்தை தக்கலையில இருக்குற எங்க சித்தப்பாட்ட சொன்னேன், இங்கிலீஷ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, விடுவாரா. ஷேடும் ஷேடோவும் ஒரே பழைய இங்கிலீஷ் வார்த்தையில இருந்து பிரிஞ்சது, அதனாலதான் நிழலுக்கும் அதே வார்த்தை, கலரோட வித்தியாசத்துக்கும் அதே வார்த்தை. டின்டும், லேசான சாயலுக்கு சொல்லுற டிஞ்சும் சாயம் முக்குறதுக்கான லத்தீன் வார்த்தையில இருந்து வந்ததாம். நுவான்ஸ்னு ஒண்ணு சொல்லுவாங்கல்ல, நுணுக்கமான வித்தியாசம்னு, அது பிரெஞ்சுல மேகத்துல இருந்து வந்த வார்த்தையாம், மேகத்துல கலர் மாறிக்கிட்டே இருக்கும்ல அதனால. இதையெல்லாம் சொல்லிட்டு கடைசியா ஒண்ணு சொன்னாரு பாருங்க, அதுதான் எனக்கு மண்டையில ஒறைச்சது. "லேய், இளம்பச்சைன்னா அது டின்ட், கரும்பச்சைன்னா ஷேடு, மங்கப்பச்சைன்னா டோன். உனக்க ஆச்சி படிக்காமலே சொல்லிட்டு இருந்தா, நீ பெயிண்ட் கடைக்கு போய் படிச்சிட்டு வந்துருக்க".

ஆச்சி என்னத்தையெல்லாம் சொல்லுவான்னு யோசிச்சுப் பாத்தா நெசமாவே அசந்துட்டேன். சாளை மீன் முதுகு நீலம், நுங்குக் கலரு, மட்டிப்பழ மஞ்சள், செந்துளுவன் வாழைப்பழக் கலரு, பிச்சிமொட்டுக்கு அடியில உள்ள ரோஸ். கார்டுல பத்து ரோஸ் இருக்கு, எல்லாத்துக்கும் ஏதோ சாயங்காலம், கனவு, முத்தம்னு இங்கிலீஷ்ல பேரு வச்சிருக்காங்க, அதைப் படிச்சு ஒரு கலரும் கண்ணு முன்னால வராது. பிச்சிமொட்டுன்னா தோவாளைப் பக்கம் பூ வாங்குன யாருக்கும் டக்குன்னு தெரியும்.

அதே மாதிரி டின்ட்னு வார்த்தை இருக்குல்ல, எங்க ஊரு கார் டிரைவர் அண்ணன் ஒருத்தர்ட்ட டின்ட்னா என்னண்ணேன்னு கேட்டா, கார் கண்ணாடில ஒட்டுற கருப்பு பிலிம்னாரு. 2012-ல சுப்ரீம் கோர்ட் அந்த கருப்பு பிலிமை ஒட்டக்கூடாதுன்னு சொன்னதுலருந்து அவருக்கு அந்த வார்த்தையே பயம். பெயிண்ட் கடையில டின்ட்னா வெளுப்பு, கார் கடையில டின்ட்னா கருப்பு. நல்லா வச்சானுவ பேரு.

சரி கடைக்கு வாறேன். உள்ள டியூப்லைட் வெளிச்சத்துல கலர் பாக்காதீங்க, வெளிய வெயில்ல வச்சு பாருங்கன்னு அந்த பிள்ளையே சொல்லுச்சு, அதுக்கு ஒரு ஸ்டார் எக்ஸ்ட்ரா. நானும் கார்டை எடுத்துட்டு ரோட்டுக்கு வந்தேன், வெயில் மண்டையைப் பொளக்குது, புரட்டிப் புரட்டி ஒண்ணை செலக்ட் பண்ணி உள்ள வந்து காட்டுறேன், அந்த பிள்ளை என்னையே ஒரு மாதிரி பாக்குது. "அண்ணே, கண்ணாடியை கழட்டிட்டு பாருங்க". கூலிங் கிளாஸை போட்டுட்டே கலர் செலக்ட் பண்ணிருக்கேன்! அதுவும் பிரவுன் கிளாஸ். நான் வாழைக்குருத்துன்னு நெனச்சு எடுத்தது கழட்டிட்டு பாத்தா கண்ணைக் குத்துற கிளிப்பச்சை. ஊரு பூரா சிரிச்சிருக்கும், கொடைக்கு வந்தவங்க கிளி ஜோசியக்காரன் வீடான்னு கேட்டிருப்பாவ.

மறுபடி ரெண்டாவது ரவுண்டு, மஞ்சள் கொஞ்சம் கலந்த இளம்பச்சையில மூணு கலர் எடுத்தோம். கார்டு பின்னாடி எல்ஆர்வின்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், எனக்கு இவ்வளவு நாளும் அது கண்ணுல பட்டதே இல்ல. கருப்புன்னா 0, வெள்ளைன்னா 100, செவுரு எவ்வளவு வெளிச்சத்தை திருப்பி வீசும்ங்குற கணக்கு. எங்க முன்னறைக்கு வெளிய பலாமரம் ஒண்ணு நிக்கி, பகல்லயே இருட்டா இருக்கும்னு சொன்னதும் "அப்போ 70-க்கு மேல உள்ளதா எடுங்க"ன்னுச்சு. உருப்படியான யோசனை. இதுக்கு முன்னால வேற ரெண்டு கடையில ஏறி இறங்குனேன், ஒருத்தரும் ரூம்ல வெளிச்சம் எப்டின்னு கேக்கல, பட்ஜெட் என்னன்னுதான் கேட்டாவ.

மெஷின் வேலை செய்யுறது பாக்க நல்லாருக்கும், பிள்ளைகளை கூட்டிட்டு போனா வேடிக்கை காட்டலாம். பேஸ்னு கலர் கலக்காத பெயிண்ட் டப்பா ஒண்ணு, மேல மூடியில ஓட்டை போட்டு மெஷினுக்கு அடியில வைக்காவ, கம்ப்யூட்டர்ல கோடு நம்பரை அடிச்சதும் மேல இருக்குற ஸ்டெயினர்ங்குற கலர்ச்சாயத்துல இருந்து மஞ்சள் கொஞ்சம், பச்சை ஒரு சொட்டு, கருப்பு அரைச் சொட்டுன்னு தானா விழுது. வெளிறுன கலருக்கு கருப்பு எதுக்குன்னு கேட்டேன், இல்லன்னா பச்சை கத்தும்ங்குறா. கத்தும்! நல்ல வார்த்தை. அப்புறம் டப்பாவை இறுக்கிப் பூட்டி ஒரு பெட்டிக்குள்ள வச்சு குலுக்குது பாருங்க, கடையே அதிருது. திறந்து மூடியில ஒரு பொட்டு வச்சு, அதுக்கு மேல ஹேர் டிரையர் பிடிச்சு காய வச்சு காட்டுனா. ஈரத்துல பாக்குறது வேற, காஞ்சா வேற, எமல்ஷன் காஞ்சதும் ஒரு ஷேடு ஏறும்னு எங்க பெயிண்டர் அண்ணனும் சொன்னாரு.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கிட்டேன், நல்ல அடர்த்தியான கலர் கேட்டா ரேட் ஏன் கூடுதுன்னு. அதுக்கு வெள்ளை கம்மியா உள்ள வேற பேஸ் எடுக்கணும், ஸ்டெயினரும் நெறைய குடிக்கும், வெள்ளை கம்மிங்குறதுனால செவுரை மறைக்குற சக்தியும் கொறவு, அதனால ரெண்டு கோட்டுக்கு பதில் மூணு நாலு கோட் ஓடும். வாசலுக்கு செந்துளுவன் கலர் வேணும்னு அம்மை கேட்டது இந்த கணக்கைக் கேட்ட அப்புறம் கதவோட நின்னுருச்சு, செவுருக்கு வரல. நல்லதாப் போச்சு.

அந்த வெள்ளைன்னு சொல்றேன்ல, அதைப் பத்தி ஒண்ணு சொல்லாம போக மனசு வரல. பெயிண்ட்ல வெள்ளையை தர்றது டைட்டானியம் டை ஆக்சைடு. அது எதுல இருந்து எடுக்காவ? இல்மனைட், ரூட்டைல்னு ரெண்டு தாதுல இருந்து. இல்மனைட் எங்க கெடக்கு? எங்க வீட்டுக்கு பின்னால கடப்புறத்துல! மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில அதைத்தான் பிரிச்சு எடுக்காவ, சின்ன வயசுல காலு சுடும் அந்த கருமணல்ல, கருகருன்னு மினுங்கும். 1909-ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரன் கயித்துல ஒட்டிட்டு போன நம்மூரு மணலைப் பாத்துட்டு இங்க வந்து மோனசைட்ங்குற தாதுவை கண்டுபிடிச்சான்னு பள்ளிக்கூடத்துல சாரு சொல்லித்தருவாரு, ஆனா இந்த கருமணலுக்குள்ளதான் உலகத்துல உள்ள செவுரு எல்லாத்துக்கும் வேண்டிய வெள்ளை இருக்குன்னு ஒருத்தரும் சொல்லல. அந்த பிள்ளைட்ட சொன்னேன், அதுக்கும் தெரியல, ட்ரெயினிங்ல சொல்லித் தரலியாம். கன்னியாகுமரிக்கு டூர் வர்றவங்க கலர் கலரா மணல் பாக்கெட் வாங்கிட்டு போவாங்கல்ல, அதுவே ஒரு ஷேடு கார்டுதான், கருப்பு இல்மனைட், செவப்பு கார்னட், எல்லாம் கெடக்கு.

இனி வயித்தெரிச்சல்.

10 லிட்டர் வாங்குனேன், பெயிண்டர் அண்ணன் போதும்னாரு, கடைசி செவுருக்கு வந்ததும் டப்பா காலி. மூடியில ஒட்டியிருந்த ஸ்டிக்கரை போட்டோ எடுத்துட்டு மறுநாள் போறேன், அந்த பிள்ளை லீவு. ஓனர் நின்னாரு. கோடு நம்பரைப் பாத்தாரு, "நீங்க வாங்குனது ஸ்டாக் இல்ல, இது அதைவிட கொஞ்சம் நல்ல ஐட்டம், கோடு ஒண்ணுதான், கலர் ஒண்ணுதான்"னு வேற ஒரு பிராடக்ட்ல அதே நம்பரை அடிச்சு கலந்து தந்துட்டாரு. நானும் நம்பர் ஒண்ணுதானேன்னு வாங்கிட்டு வந்தேன். அடிச்சு காஞ்சது. ராத்திரி பாத்தா ஒண்ணும் தெரியல. காலையில எட்டு மணிக்கு ஜன்னல் வழியா சரிவா வெயில் விழும்போது பாத்தா, மூணு செவுரு ஒரு மாதிரி, நாலாவது செவுரு ஒரு மாதிரி. மூலையில ரெண்டும் சேர்ற எடத்துல ஒரு கோடு போட்டது மாதிரி. ஒண்ணு மேட்டு பினிஷ், மத்தது லேசா மினுங்குற பினிஷ், பேஸும் வேற. நம்பர் ஒண்ணா இருந்தா மட்டும் கலர் ஒண்ணாகாது.

போன் போட்டா ஓனர் சொல்றாரு, "கலந்த பெயிண்ட்டை திருப்பி எடுக்கமாட்டோம், உங்களுக்கு கண்ணுல அப்டி தெரியுது". கண்ணுல தெரியாம பின்ன காதுலயா தெரியும்? கலந்த பெயிண்ட்டை எந்த கடையிலயும் திருப்பி எடுக்கமாட்டாங்க, அது எனக்கும் தெரியும், ஆனா வேற பிராடக்ட்னா பினிஷ் மாறும்னு முதல்லயே ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் ரெண்டு நாள் காத்திருந்து வாங்கிருப்பேன். திங்கக்கிழமை அந்த பிள்ளை வந்ததும் ரெண்டு மூடியையும் கொண்டுபோய் காட்டுனேன், ஒரு நிமிஷம்தான் பாத்துச்சு, "ஸ்டிக்கர்ல மேல பாருங்கண்ணே, பிராடக்ட் பேரே மாறிருக்கு". மிச்சம் உள்ளதை பின்னறைக்கு அடிச்சிருங்க, பழையது ஸ்டாக் வந்ததும் போன் பண்றேன்னு சொல்லி, சொன்ன மாதிரி பண்ணுச்சு. இந்த தடவை பெயிண்டர் அண்ணன் பழைய டப்பாவுல ஒட்டுன அடிமண்டியையும் புதுசையும் பெரிய பக்கெட்ல ஒண்ணா ஊத்தி கிண்டிட்டுதான் ரோலரை எடுத்தாரு. முதல்லயே ரெண்டு டப்பா வாங்கியிருந்தாலும் இப்டி கலக்கிட்டுதான் அடிக்கணும், ஒரு கலவைக்கும் அடுத்த கலவைக்கும் மயிரிழை வித்தியாசம் வரும்னாரு. இதை ஏன் முன்னாடியே சொல்லலண்ணேன்னா, "நீங்க கேக்கலியே சாரே".

ரெண்டாவது வயித்தெரிச்சல் கடையோட தப்பில்ல, லைட்டோட தப்பு. பகல்ல வாழைக்குருத்து கணக்கா இருந்த செவுரு ராத்திரி லைட் போட்டதும் நோயாளி மாதிரி வெளிறிப் போச்சு. எங்க வீட்டுல வெள்ளை எல்இடி, 6500 கெல்வின்னு போட்டிருக்கும், அதுல நீலம் தூக்கலா இருக்கும், மஞ்சள் அமுங்கிப்போகும். 3000 போட்ட மஞ்சள் பல்பு ஒண்ணு வாங்கி மாட்டுனேன், அதுல மஞ்சள் எழும்பி வந்து அம்மை சொன்ன குருத்து கெடச்சது. ஆனா அம்மைக்கு மஞ்சள் லைட் பிடிக்காது, கண்ணு தெரியலங்குறா, பேப்பர் படிக்க முடியாதுங்குறா. இப்போ ரெண்டு பல்பும் இருக்கு, விருந்துக்காரங்க வந்தா மஞ்சள், நாங்க மட்டும்னா வெள்ளை. சாம்பிளை செவுத்துலயே ஒரு சாண் அளவுக்கு அடிச்சு, காலையில, மத்தியானம், ராத்திரி லைட்டுன்னு மூணு தடவை பாத்துட்டு வாங்கியிருக்கணும். சின்ன சாம்பிள் டப்பா கடையில உண்டு, நான்தான் எதுக்கு வெட்டிச் செலவுன்னு விட்டுட்டேன்.

சுண்ணாம்பு காலத்துல இந்த தொல்லையே இல்ல. வெள்ளையடிக்கும்போது வாளியில ஒரு துளி நீலம் கலந்து விடுவாவ, மஞ்சள் தட்டாம பளிச்சுன்னு இருக்கும். அப்பா அதுக்கு அளவு பாக்குறது ஒரு குச்சியை முக்கி நகத்துல ஒரு பொட்டு வச்சு பாத்து. அவருக்கு மெஷினும் வேண்டாம் கோடும் வேண்டாம். நீலம் கூடிப்போன வருஷம் வீடு வானம் மாதிரி இருந்துச்சுங்குறது வேற கதை.

இந்த ஷேடுங்குற வார்த்தையால நடந்த கூத்து இன்னும் முடியல. எங்க அண்ணன் அமெரிக்காவுல இருக்கான், வீடியோ கால்ல வந்து "ஷேட்ஸ் போட்டாச்சா"ன்னு கேட்டான். அம்மை "போட்டாச்சு மக்களே, வாழைக்குருத்து"ன்னா. அவன் கேட்டது ஜன்னலுக்கு தொங்கவிடுற திரையாம், அங்க அதுக்கு ஷேட்ஸ்னு பேராம். அவனுக்க மவன் பக்கத்துல நின்னு ஷேட்ஸ்னா கூலிங் கிளாஸ்லாங்குறான். பாத்தீங்களா, அன்னைக்கு ரோட்டுல கண்ணுல ஷேட்ஸை போட்டுட்டுதான் நான் ஷேடு பாத்திருக்கேன். இதுக்கு எடையில கடை பில்லை எடுத்துப் பாக்குறேன், அதே கடையில மாடியில வெத்தலைக் கொடிக்கு மேல கட்ட பச்சை வலையும் வாங்கிருந்தேன், பில்லுல 'ஷேடு நெட் 50'ன்னு இருக்கு. ஐம்பது ரூபாய்ன்னு நெனச்சு அம்மை சந்தோஷப்பட்டா. வெயில்ல பாதியை மறைக்கும்ங்குற 50 சதவீதம் அது.

மார்க் போடணும்னா: அந்த பிள்ளைக்கு அஞ்சுக்கு அஞ்சு. மெஷினுக்கு நாலு. ஓனருக்கு ஒண்ணரை, அதுவும் குடிக்க வெள்ளம் தந்ததுக்கு. பார்க்கிங் சுத்தமா இல்ல, டூவீலரை ரோட்டுல விட்டுட்டு ஒரு கண்ணை அதுலயே வச்சிருக்கணும், மத்த கண்ணால கலர் பாக்கணும். போறதா இருந்தா காலையில பத்து பத்தரைக்குள்ள போங்க, கூட்டம் இருக்காது, வெயிலும் பக்குவமா இருக்கும். வாங்குற டப்பா எல்லாத்துலயும் கோடு, பிராடக்ட் பேரு, பேஸ் மூணும் ஒண்ணான்னு அங்கேயே நின்னு பாத்துட்டு பணத்தை குடுங்க. நீங்க எந்த பேர் சொன்னாலும் மெஷினுக்கு நம்பர்தான் புரியும், ஆனா நம்பரைத் தேடிக் கண்டுபிடிக்க உங்க வீட்டு அம்மை சொல்ற பேருதான் ஒதவும், அதனால கலர் கேட்டவங்களையே கையோட கூட்டிட்டு போங்க. நான் இல்லாம அம்மை மட்டும் போயிருந்தா ஒரு குருத்தை கிள்ளிட்டு போய் கவுண்டர்ல வச்சிருப்பா, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.

மிச்சம் வந்த டப்பா ஏணிப்படிக்கு அடியில இருக்கு. மூடியில நான் கோடு நம்பர் எழுதி வச்சேன், அதுக்கு கீழ அம்மை பேனா வாங்கி 'குருத்து, முன்னறை, மூணு செவுரு'ன்னு எழுதி, நாலாவது செவுரை தனியா 'பொறவு அடிச்சது'ன்னு எழுதி வச்சிருக்கா.

நேத்து பெயிண்டர் அண்ணன் மிச்ச வேலைக்கு வந்துட்டு வெளிய நின்னு மேல பாத்து கேக்குறாரு, "சாரே, சன்ஷேடுக்கு என்ன ஷேடு?" வீட்டுக்குள்ள இருந்து அம்மை "சாளை முதுகு"ங்குறா. சனிக்கிழமை மறுபடி நாகர்கோவில் போறோம், இந்த தடவை சாளையும் கூட வரும் போலத்தான் தெரியுது.